பிரேக்கைத் தவிர எல்லாம் சரி

நம் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பதினைந்து வயது வரை நோய்நொடி கிடையாது. டயர் தேயாது, செயின் தளராது, பிரேக் போகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-வது பிரிவு, சொந்த உபயோக வண்டிக்கு ஒரே மூச்சில் பதினைந்து ஆண்டுப் பதிவைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. இடையில் வண்டி ஐந்து கை மாறலாம். லாரிக்கு அடியில் போய்த் திரும்பி வரலாம். பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய்ப் பாதி உடம்பை மாற்றிக்கொண்டு வரலாம். பெயர் மாற்றும்போதுகூட 29-வது படிவம் எங்கே, 30-வது படிவம் எங்கே என்று கேட்பார்களே தவிர, வண்டி நிற்குமா என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை. பதினைந்து முடிந்த மறுநாள் காலையில்தான் அரசாங்கத்துக்குத் திடீரென்று பதற்றம் வருகிறது. ஐயோ, இது ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிதானா? காட்டு எஃப்.சி. என்ற தகுதிச் சான்றை! கட்டு கட்டணம்! கட்டு பசுமை வரி!

சென்னையை அடுத்த பொத்தேரியில் செகண்ட் ஹேண்ட் பைக்குக்குப் பஞ்சமே கிடையாது. ஏப்ரல், மே வந்துவிட்டால் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் படிப்பையும் வண்டியையும் ஒன்றாக முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள். ஆந்திரா நம்பர், பீகார் நம்பர், நம்ம ஊர் நம்பர் என்று ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய சந்துகளில் பாரதமே விற்பனைக்கு நிற்கும். 'சிங்கிள் ஓனர் ப்ரோ, ஷோரூம் கண்டிஷன்' என்பார்கள். ஷோரூம் கண்டிஷன் என்றால் நேற்று கழுவியிருக்கிறார்கள் என்று பொருள்.

நான் வாங்கியது மாணவரிடம் இல்லை. 2009-ல் பதிவான ஒரு ஸ்பிளெண்டர்; விற்றவர் ஓய்வுபெற்ற மனிதர். வீட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்வர எனக்கு அது போதும். பதிவு 2024-லேயே முடிந்துபோயிருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. "எஃப்.சி. மட்டும் காட்டிடுங்க சார், சின்ன வேலைதான்" என்றார். அந்தச் சின்ன வேலைக்கு மாதத்துக்கு 300 ரூபாய் தாமதக் கட்டணம் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ரயில்வே லைன் ஓரம் தகரக் கொட்டகை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி எஞ்சினுக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகினார். ஹேண்டில் பாரை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். நேர் நடுவில் வந்ததும் 'டக்' என்று ஒரு இடத்தில் உட்கார்ந்தது. "கோன் செட் போயிருக்குண்ணா. பள்ளம் விழுந்துடுச்சு. நாப்பதுக்கு மேல போனா ஆடும்." ஃபோர்க்கில் விரலால் ஒரு கோடு இழுத்து என் முன் நீட்டினார், எண்ணெய். "சீல் லீக்." பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுப் பிரேக்கை மிதித்தார். சக்கரம் யோசித்து யோசித்து நின்றது. டிரம்மைக் கழற்றியபோது பிரேக் ஷூவில் தேய வேண்டிய பாகமே இல்லை. இரும்புதான் இரும்பை உரசிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம். படிவம் இல்லை, கட்டணம் இல்லை, ஓ.டி.பி. இல்லை. இந்த வண்டி என்னைக் கொல்லுமா கொல்லாதா என்பதை அந்த மனிதர் தன் கைகளாலேயே கண்டுபிடித்துவிட்டார். கோன் செட், ஃபோர்க் சீல், முன்னும் பின்னும் பிரேக் ஷூ, கேபிள், செயின் ஸ்பிராக்கெட், ஒரு டயர் எல்லாம் மாற்றினோம்.

இவரிடமே ஒரு சீல் கொடுத்து அரசாங்கம் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் இவர் அரசு ஊழியர் இல்லை, வண்டி பார்க்கத் தெரிந்தவர். இரண்டும் வேறு வேறு தகுதி.

அடுத்தது ஆர்.டி.ஓ. ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் விட்டுப்போன மற்ற ஆபீஸ்களுக்கு மனவருத்தம் வரும்.

காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒருவர் ஃபைல் கட்டோடு நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தனியாவா சார் வந்தீங்க?"

"ஆமாம். ஆன்லைன்ல பணம் கட்டியாச்சு."

"அது கவர்மென்ட் ஃபீஸ். நம்ம செலவு தனி. நம்மன்னா எனக்கு மட்டும் இல்ல சார்" என்று முதல் மாடியை ஒரு பார்வை பார்த்தார்.

"பிரேக் எல்லாம் புதுசு. வண்டி பக்காவா இருக்கு."

"பிரேக்கா?" அவருக்கு என்மேல் உண்மையிலேயே இரக்கம் வந்துவிட்டது. "சார், மொதல்ல சேலை கார்டு இருக்கா பாருங்க. ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கா? ஒண்ணுதான் இருக்கு. அந்தப் பெட்டிக்கடையில கேளுங்க, வாடகைக்குத் தருவாங்க."

வாடகைக் கண்ணாடி! பெட்டிக்கடையில் பாக்கு மாலைக்குப் பக்கத்தில் நாலு ஜோடி தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதே நாலு ஜோடி எத்தனை வண்டிக்குத் தகுதி வாங்கிக் கொடுத்ததோ! பின்னால் வருவதைப் பார்ப்பதற்காக விதி வைத்த கண்ணாடி, எதிரே வரும் அதிகாரி பார்ப்பதற்காக அரை மணி நேரம் வண்டியில் ஏறி இறங்குகிறது.

அப்புறம் சேசிஸ் பிரிண்ட். ஸ்டீயரிங் கழுத்தில் சேசிஸ் நம்பர் பொறித்திருக்கும். பதினைந்து வருட அழுக்கை மண்ணெண்ணெய் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மேலே மெல்லிய தாளை ஒட்டிப் பென்சிலால் உரச வேண்டும். நம்பர் வெள்ளையாக எழும்பி வரும். ஒரு எண் மங்கினாலும் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தாளை ஆபீஸ் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதில் காட்டும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கை டயர்மேல் காட்டியிருந்தால் தமிழ்நாடு இந்நேரம் சுவீடன் ஆகியிருக்கும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலில் நின்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டார், முன்னால் வரிசை கேட் வரை நீண்டிருந்தது. அவர் கையில் இருந்த கருவிகள் இரண்டு: ஒரு பேனா, ஒரு செல்போன். "ஸ்டார்ட் பண்ணு. ஹாரன் அடி. இண்டிகேட்டர் போடு. லைட்டு." ஒரு போட்டோ. அடுத்த வண்டி. யாருடைய வண்டியும் ஒரு கஜ தூரம்கூட ஓடவில்லை. ஓடாத வண்டி நிற்குமா என்று எப்படிப் பார்ப்பது? அதனால் பார்க்கவில்லை.

எனக்கு முன்னால் நின்ற வண்டியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தேன். முன் பிரேக் லீவர் பளபளவென்று புதிதாக இருந்தது. லீவரிலிருந்து கீழே போக வேண்டிய கேபிளைக் காணோம். லீவர் இருந்தால் பிரேக் இருக்கிறது என்பது அரசின் முடிவு. ஏஜென்ட் பக்கத்தில் நின்றார், கேபிள் இல்லாத வண்டி பாஸ்.

என் வண்டி பாஸ் ஆகவில்லை. பிரேக் ஷூ புதுசு, டயர் புதுசு, கோன் செட் புதுசு. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் விற்றவரின் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருந்தது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இருந்தது. "ஆள் வேற மாதிரி வருதே" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அதைத் திருத்தப் போனால், ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போகிறது. அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதோ, அந்தப் புண்ணியவான் செல்போனில் என் வண்டியின் தகுதி மணிக்கொரு தடவை வந்து விழுந்துகொண்டிருந்தது.

விற்ற பெரியவருக்கோ இரவெல்லாம் தூக்கமில்லை. "பேர் மாறிடுச்சா சார்?" என்று போன் செய்தபடி இருந்தார். அவர் பயம் நியாயமானது. வண்டி கைமாறினாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீடும் அவர் பொறுப்புதான் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாறாத ஒவ்வொரு நாளும் நான் ஓட்டுவது அவர் தலைமேல் ஓட்டுவது. இனிஷியல் நிற்கும் இடம் சரியாகும்வரை ஒரு ஓய்வூதியக்காரர் பி.பி. மாத்திரையைக் கூட்டிப் போட வேண்டும் என்பதுதான் சாலைப் பாதுகாப்பு.

மாப்பிள்ளைக்குக் கண் தெரிகிறதா, கால் நடக்கிறதா என்று பார்க்காமல் பத்துப் பொருத்தம் மட்டும் பார்த்துத் தாலி கட்டச் சொல்கிறார்கள். ஜாதகத்தில் ஒரு எழுத்துப் பிசகினால் கல்யாணம் நிற்கும். மாப்பிள்ளைக்கு மூச்சே இல்லாவிட்டாலும் ஜாதகம் சுத்தமாக இருந்தால் கெட்டிமேளம்.

விதி எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளை எடுத்துப் படித்துப் பாருங்கள், தங்கமாக எழுதியிருக்கிறார்கள். இரு சக்கர வண்டி டயரின் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது 94-வது விதி. பிரேக் எப்படி இருக்க வேண்டும் என்று 96-வது விதி விலாவாரியாகச் சொல்கிறது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கத் தடுப்பு என்று 123-வது விதி ஒரு தாயின் பரிவோடு பேசுகிறது. எல்லாம் இருக்கிறது. 0.8 மில்லிமீட்டரை அளக்க ஒரு கேஜ் மட்டும் ஆபீசில் இல்லை. சக்கரத்தை உருளைமேல் ஏற்றி, பிரேக்கின் பலத்தை எண்ணாகச் சொல்லும் இயந்திரம் இல்லை. ஹெட்லைட் எங்கே அடிக்கிறது என்று பார்க்கச் சுவரில் ஒரு கோடுகூட இல்லை. ஏட்டுச் சுரைக்காயைக் கூட்டு வைத்து, இலை போட்டு, பரிமாறிவிட்டு, சாப்பாட்டுக்குப் பணமும் வாங்கிக்கொள்கிறார்கள்.

பணம் என்றால் சும்மா இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல், பதினைந்து வயதான மோட்டார் சைக்கிளுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வயது தாண்டிய வண்டிக்கு அது 2,000 ஆனது. பழைய வண்டி ஆபத்தானது, மக்கள் அதைக் கழித்துவிட வேண்டும் என்பது சொல்லப்படும் காரணம். நல்ல காரணம். ஆபத்து என்று தெரிந்தால் இரு மடங்கு சோதிப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? இரு மடங்கு வசூலிக்கிறார்கள். அன்றைக்கும் ஹாரன், லைட், இண்டிகேட்டர். இன்றைக்கும் ஹாரன், லைட், இண்டிகேட்டர். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கூடுதலாக ஒரு தடவை ஹாரனாவது அடிக்கச் சொல்லியிருக்கலாம்.

கருவி நம் நாட்டில் கிடைக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பொத்தேரியிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போய், சிங்கப்பெருமாள் கோயிலில் வலப்பக்கம் திரும்பினால் ஒரகடம். அங்கே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமே இருக்கிறது. ஏக்கர் கணக்கில் சோதனை ஓடுபாதை போட்டு, புது வண்டிகளை ஓட்டி, நிறுத்தி, நனைத்து, மோதிப் பார்க்கிறார்கள். அதே ஒரகடத்தில்தான் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை. பக்கத்து வல்லம் வடகாலில் யமஹா. உலகத்துக்கே பைக் செய்து அனுப்பும் வட்டாரம் இது. இங்கே பிறக்கும் வண்டிக்கு அத்தனை சோதனை. பதினைந்து வருடம் உழைத்துத் தேய்ந்தபின் அதற்குச் சோதனை, வேப்பமர நிழலும் ஒரு போட்டோவும். தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு மத்திய அரசு 2021-லேயே விதி கொண்டுவந்தது. லாரி, பஸ்ஸுக்கு 2023 ஏப்ரலில் கட்டாயம் என்றார்கள். அப்புறம் 2024 அக்டோபர் என்றார்கள். லாரிக்கே தவணை சொல்கிறவர்கள் என் ஸ்பிளெண்டர் வரை வருவதற்குள் அது முப்பது வயது கிழவனாகியிருக்கும். அப்போது கட்டணம் என்ன ஆகியிருக்குமோ!

பிரிட்டனில் 1960-லிருந்தே வண்டித் தகுதிச் சோதனை நடக்கிறது. இப்போது வண்டிக்கு மூன்று வயது ஆனால் ஆண்டுதோறும் சோதனை. எதில் தேறியது, எதில் தோற்றது, எது சீக்கிரம் போகப்போகிறது என்று எழுதியே கொடுப்பார்கள். பழைய வண்டி வாங்குகிறவன் நம்பரைத் தட்டினால் அதன் சோதனை வரலாறு இணையத்தில் வரும். சிங்கப்பூரிலும் மூன்று வயது தாண்டிய பைக்குக்கு ஆண்டுக்கு ஒரு சோதனை. அங்கே வேலைக்குப் போன நம் ஊர்ப் பையன் ஒழுங்காக வரிசையில் நின்று பிரேக் காட்டுகிறான். அதே பையன் லீவில் பொத்தேரி வந்தால் 'அண்ணே, எவ்ளோ கொடுக்கணும்' என்று கேட்கிறான். அவனுக்கு ரத்தத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அங்கே கேபிள் இல்லாத வண்டி தேறாது, இங்கே தேறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுவரை சிரிக்கலாம். இதற்குமேல் முடியாது. ஏனென்றால் இந்த வட்டாரத்துக்கு எஃப்.சி. என்றால் என்ன என்பது ரத்தத்தால் தெரியும்.

1996-ல் ஷங்கர் 'இந்தியன்' எடுத்தார். பிரேக் சரியில்லாத பள்ளிப் பேருந்துக்கு லஞ்சம் வாங்கிக்கொண்டு எஃப்.சி. கொடுக்கிறான் பிரேக் இன்ஸ்பெக்டரான மகன், குழந்தைகள் சாகிறார்கள், அப்பா கத்தியை எடுக்கிறார். தியேட்டரில் விசிலடித்தோம். பதினாறு ஆண்டுகள் கழித்து, 2012 ஜூலை 25 அன்று, தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஒரு பள்ளிப் பேருந்தின் தரைப் பலகையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்தாள். அந்தப் பேருந்தின் சக்கரமே அவள்மேல் ஏறியது. கொதித்த மக்கள் பேருந்தைக் கொளுத்தினார்கள். அந்தப் பேருந்து தகுதியற்றதாக இருந்திருந்தால்கூட மனசு ஆறும். அது தகுதியான பேருந்து. சில வாரங்களுக்கு முன்புதான் எஃப்.சி. வாங்கியிருந்தது. ஒரு குழந்தை விழும் அளவுக்கு ஓட்டை; அதைத் தாண்டித் தாளில் ஒரு கையெழுத்து.

உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டது. வாகன ஆய்வாளர் கைதானார். அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. வழக்கு பத்து ஆண்டுகள் நடந்து, 2022-ல் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலை ஆனார்கள். நீதிமன்றம் சாட்சியத்தைப் பார்த்துச் சொல்கிறது. அதை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் ஒரு ஓட்டை இருந்தது, ஒரு சான்றிதழ் இருந்தது, ஒரு குழந்தை இல்லை. மூன்றுக்கும் யாருமே பொறுப்பில்லை என்றால், அந்த ஓட்டை பேருந்தில் மட்டும் இருக்கவில்லை.

இப்போது ஆண்டுதோறும் மே மாதம் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறிப் பார்க்கும் படம் பத்திரிகையில் வரும். தீபாவளி நெருங்கினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ்களில் லஞ்ச ஒழிப்புத் துறை சோதனை என்று செய்தி வரும். கணக்கில் வராத பணம் பிடிபடும். கணக்கில் வராத பிரேக் இதுவரை பிடிபட்டதாகச் செய்தி இல்லை.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறக்குறைய 75 ஆயிரம் பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. பத்துச் சாவில் ஏழுக்குக் காரணம் அதிவேகம் என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் முப்பதில் போனாலும் நிற்காத வண்டிக்கு எந்த வேகமும் அதிவேகம்தான். செத்தவன் ஆக்சிலரேட்டரை முறுக்கினான் என்று எழுதுவது சுலபம். அவன் திரும்பி வந்து மறுக்கப் போவதில்லை. பிரேக் ஷூ தேய்ந்திருந்தது என்று எழுதினால், அந்த வண்டிக்குத் தகுதி கொடுத்தவர் யார் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி வராமல் இருப்பதில்தான் நம் நிர்வாகத்தின் முழுத் திறமையும் இருக்கிறது.

ஒருவழியாக இனிஷியல் இடம் மாறியது, ஓ.டி.பி. வந்து சேர்ந்தது, என் வண்டிக்கும் ஐந்து ஆண்டுத் தகுதி கிடைத்துவிட்டது. அந்தத் தகுதிக்கும் வண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்குத் தெரியும், ஏஜென்டுக்குத் தெரியும். அரசாங்கத்துக்கும் தெரியும், தெரிந்துதான் கட்டணத்தை ஏற்றுகிறது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டணத்துக்கு ரசீது கொடுக்கிறீர்கள் அல்லவா, சோதனைக்கும் ஒரு ரசீது கொடுங்கள். முன் பிரேக் எவ்வளவு, பின் பிரேக் எவ்வளவு, டயர் ஆழம் எத்தனை மில்லிமீட்டர், பார்த்தவர் யார், எத்தனை மணிக்கு. ஐந்து வரி. நாளைக்கு அந்த வண்டி யாரையாவது கொன்றால் அந்த ஐந்து வரியை நீதிமன்றத்தில் எடுத்து வைக்கலாம். அதுதான் உங்களுக்கு வேண்டாம் என்றால் அதையும் வெளிப்படையாகச் செய்யுங்கள். 'தகுதி' என்று அச்சடிப்பதை நிறுத்திவிட்டு, 'பணம் பெறப்பட்டது, மற்றதற்கு மெக்கானிக்கைப் பார்க்கவும்' என்று அச்சடியுங்கள். பொய் சொல்லாத முதல் அரசுச் சான்றிதழ் என்ற பெருமையாவது அதற்குக் கிடைக்கும்.